இரண்டு வலது கால்கள்

வேனில் பின்கதவை ஒட்டிய இருக்கையில் எனக்கென்று ஓர் இடம் பிடித்து வைத்திருப்பார் அக்கா. உடன்பிறந்தவர் அல்ல. பனியன் கம்பெனியில் எனக்கு அடுத்த ஓவர்லாக் மெஷின் அவருடையது. என்னைவிட எட்டு வயது மூத்தவர், மங்கலத்துக்காரர். கம்பெனி வேன் அங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்கு வரும். மங்கலம் ரோட்டில் எங்கள் லைன் வீட்டுக்குப் பக்கத்தில் கடைசி ஆளாக நான் ஏறுவேன். அதற்குள் வேன் நிறைந்துவிடும். அக்கா தன் தூக்குச்சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் "ஆள் வருதுங்க" என்று சொல்லி அந்த இடத்தைக் காப்பாற்றுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நானும் என் கணவரும் சாத்தூர்ப் பக்கமிருந்து வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவருக்கு நிட்டிங்கில் வேலை, எனக்கு ஓவர்லாக். ஒரு மழைக்காலக் காலையில் நான் ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எதிரே வந்த டெம்போவுக்கு ஒதுங்கிய வேன் சாலையோரச் சேற்றில் வழுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஒரு பெருமூச்சுபோலச் சாய்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். பின்கதவு இருக்கையின் இரும்புச் சட்டம் மட்டும் கழன்று எங்கள் இருவர் காலிலும் விழுந்தது. எனக்கும் வலது கணுக்கால், அக்காவுக்கும் வலது கணுக்கால்.

எலும்பு ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி விரிசல் விட்டிருக்கிறது என்றார். கம்பவுண்டர் உறைகளை மாற்றிக் கொடுத்துவிட்டதால் ஒரு வாரம் அக்காவின் படம் என் வீட்டுப் பீரோமேல் இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது அக்கா சிரிக்கவில்லை. "என்ற காலு உன்ற ஊட்ல இருந்துதா" என்று கேட்டு, உறையை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்குப் பொதுவாகக் கடைசியில் இரண்டு கழிப்பறைகள், குத்துக்காலிட்டு உட்காரும் வகை. என் கணவர் ஒரு மர ஸ்டூலின் நடுவில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார். அந்த ஸ்டூலை ஒருத்தர் தூக்கி வர, நான் கட்டைக்கோலில் நொண்டியபடி பின்னால் போவேன். அந்த ஆறு வாரத்தில் அழுததெல்லாம் அந்தப் பத்தடி தூரத்தில்தான்.

மாவுக்கட்டை ஒரே நாளில் இருவருக்கும் பிரித்தார்கள். வெளியே வந்தது என் கால் மாதிரி இல்லை. தோல் செதில்செதிலாக, ஆடுசதை வற்றி, குழந்தைக் கால்போல இருந்தது. அசை என்றார் டாக்டர். அசைக்க நினைத்தேன், அது அசையவில்லை. பக்கத்துக் கட்டிலில் அக்காவும் தன் காலையே முறைத்துக்கொண்டிருந்தார்.

திங்களும் வியாழனும் கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளம்பெண் ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி சொல்லித் தருவார். பிசியோ என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். மெல்லிய குரல், ஆனால் கறார். எலும்பு கூடிவிட்டது, மற்றதெல்லாம் இனிமேல்தான் கூட வேண்டும் என்றார். முதல் வாரம் உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. பிறகு ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இரு கையாலும் மெதுவாக நம் பக்கம் இழுப்பது. பெருவிரலால் காற்றில் எழுத்து எழுதுவது. நான் அ, ஆ என்று எழுதுவேன். 'ஈ' வரைக்கும் வருவதற்குள் வியர்த்துவிடும். அக்கா அவ்வளவாகப் படித்தவர் இல்லை. அவர் கோலம் போட்டார், நாலு புள்ளிக் கோலம்.

பிசியோ சொன்ன விதிகளில் ஒன்றை நான் சுவரில் கரியால் எழுதி வைத்தேன். இன்று செய்தது சரியா தப்பா என்பதை நாளைக் காலையில்தான் கால் சொல்லும். காலையில் எழுந்ததும் வீக்கம் நேற்றைவிட அதிகம் என்றால் நேற்று அளவு மீறியிருக்கிறோம், அன்றைக்குப் பாதி போதும். பயிற்சி நேரத்தில் வலி கொஞ்சம் இருக்கலாம், குத்தினால் நிறுத்த வேண்டும். முடித்ததும் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, ஐஸைத் துணியில் சுற்றி ஒற்ற வேண்டும். தொங்கப் போட்டு உட்காரவே கூடாது. மெஷினில் உட்காருவது மூன்று மாதம் கழித்துத்தான்.

கட்டைக்கோலோடு நடக்கையில் வலது காலில் பத்துக் கிலோ எடைக்குமேல் வைக்கக் கூடாது என்றும் சொன்னார். பத்துக் கிலோ என்பது எவ்வளவு என்று காலுக்கு எப்படித் தெரியும்? எங்கள் லைன் வீட்டுக்கு எதிரில் ஒரு பாய் பனியன் வேஸ்ட் குடோன் வைத்திருந்தார். மூட்டைகளை எடை போட, தரையோடு ஓர் இரும்புப் பலகைத் தராசு அவரிடம் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டு, தராசைத் துடைத்து, குண்டைப் பத்தில் நிறுத்தினார். நான் கட்டைக்கோலை ஊன்றிக்கொண்டு வலது காலைப் பலகையில் வைத்து மெதுவாக அழுத்தினேன். தராசின் கை லேசாக எழும்பியதும், "போதுமுங்க, நிறுத்திக்குங்க" என்றார். பத்துக் கிலோ அவ்வளவுதான். தூங்கும் பிள்ளையைத் தொடுவதுபோல அத்தனை மெல்லியது. தினமும் காலையில் போய்ப் பழகினேன். அக்காவையும் ஒருநாள் கூட்டிப்போனேன். அவர் ஒரே மிதியாக மிதித்தார். முப்பதைத் தாண்டியது.

"இதுல கட்டக்கோல் எதுக்குங்க" என்று பாயைப் பார்த்துச் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை.

பயிற்சி தொடங்கி இரண்டே வாரத்தில் அக்கா வேலைக்குப் போய்விட்டார். ஷிப்மென்ட் நெருங்குகிறது, மெஷினுக்கு வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று கான்ட்ராக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கும் அதே செய்தி வந்தது. நான் போகவில்லை. தைரியத்தால் அல்ல, பயத்தால்தான். காலை முழுதாக ஊன்ற நினைத்தாலே கட்டைக்கோலை எடுத்துக்கொண்டேன். அக்காவோ மெஷின் மிதியில் காலை வைத்துப் பத்து மணி நேரம் உட்கார்ந்தார். மாலையில் வேனில் வந்து என் வீட்டருகே இறங்கி, கால் மணி நேரம் பேசிவிட்டு, பின்னால் வரும் டவுன் பஸ்ஸில் மங்கலம் போவார். கட்டைக்கோல் இல்லாமல் வாசலிலிருந்து கட்டில்வரை நடந்து காட்டுவார். லேசாக விந்துவார், அவ்வளவுதான்.

அவர் போனபின் என் கணவர் என் காலைப் பார்ப்பார். ஒருநாள் வாய்விட்டே சொன்னார். அதே எலும்பு, அதே டாக்டர், அந்தம்மா மூடை மூடையாகப் பீஸ் அடிக்குது, நீ காற்றில் எழுதிக்கொண்டிருக்கிறாய் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் உறைத்தது.

மறுநாள் கட்டைக்கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ரோடுவரை நடந்தேன். திரும்பியும் வந்தேன். ஜெயித்துவிட்டதாக இருந்தது. அதற்கடுத்த காலை கணுக்கால் புட்டுக்குழாய்போல வீங்கி, எலும்பின் முனைகூடத் தெரியவில்லை. பாதி வழியைத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அந்த வியாழக்கிழமை பயிற்சி அறையில் நான் மட்டும் இருந்தேன். பிசியோ என்னைக் கடிந்துகொள்ளவில்லை. காலைக் கையில் எடுத்து, ஆடுசதையை மெல்லத் தொட்டுப் பார்த்தார். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாடாவால் சுற்றளவு பார்த்தார். எதற்கு என்று கேட்டேன். கணுக்கால் வீங்குவது வேறு, ஆடுசதை வீங்குவது வேறு என்றார்.

"ஆடுசதை இழுத்துப் பிடிச்ச மாதிரி வலிச்சு, தொட்டா சூடா இருந்து, ஒரு கால் மட்டும் தடிச்சுதுன்னா எக்சர்சைஸே பண்ணாதீங்க. யாரையும் தேய்க்க விடாதீங்க. நேரா இங்க வந்துருங்க. போன வருஷம் ஒருத்தருக்கு ஊட்டுல எண்ணெய் போட்டுத் தேச்சு விட்டாங்க."

அப்புறம் என்ன ஆனது என்று கேட்டேன். அவர் நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தார். "அப்புறம் அவரு வரலீங்க" என்றார்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை மாலை, அக்கா வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து வலது காலை இரு கையாலும் தூக்கி மேலே வைத்தார். புடவையை முழங்கால்வரை ஒதுக்கினார். ஆடுசதை பளபளவென்று இருந்தது. வற்றிக் கிடக்க வேண்டிய கால் அது. என்னுடையது அப்போதும் குச்சியாகத்தான் இருந்தது. அவருடையது நல்ல காலைவிடத் தடித்திருந்தது.

"ரெண்டு நாளா கெண்டச்சதை கல்லாட்டம் கெடக்குது அம்மிணி. வாயுப் புடிப்பாட்டம் இருக்குது. ஒரு சொட்டு எண்ணெய வெச்சு நல்லா அமுத்தித் தேச்சு உடு" என்றார்.

அலமாரியிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றியும்விட்டேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து விரல்களை அவர் காலில் வைத்தேன். சூடு. வெயிலில் கிடந்த பாத்திரத்தைத் தொட்டதுபோலச் சூடு. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

"எக்கா, எனக்கு இன்னைக்குக் கையே முடியலைக்கா. கட்டைக்கோல் ஊனி ஊனி மணிக்கட்டு விட்டுப்போச்சு."

அப்படித்தான் சொன்னேன். பொய். கையிலிருந்த எண்ணெயை என் முழங்காலில் தடவிக்கொண்டேன். பிசியோ சொன்னதை நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே காரணங்கள் சொல்லியிருக்கிறேன். சொன்னால் பொறாமையில் பயமுறுத்துகிறேன் என்று நினைப்பார். எனக்கென்ன தெரியும், நான் டாக்டரா? இவையெல்லாம் பாதி உண்மைதான். மீதிப் பாதி இது: அந்தக் காலைப் பார்த்த நிமிடத்தில் என் நெஞ்சின் அடியில் ஒரு சிறிய நிம்மதி இருந்தது. முந்திப் போனவருக்கு வலிக்கிறது, நான் தோற்கவில்லை. அந்த நிம்மதியின் ருசி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். பரவாயில்லை, எங்கள் பக்கம் சுளுக்கு வழிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் காட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் புடவையை இறக்கிவிட்டார். பஸ்ஸுக்கு நடந்து போனார். வாசலில் நின்று பார்த்தேன். முன்பு விந்தியதைவிட அதிகம் விந்தினார்.

புதன்கிழமை அவர் வேனிலிருந்து இறங்கவில்லை. வேன் நிற்காமல் போனது. பின் ஜன்னலில் அவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்ததைப் பார்த்தேன். அன்றைய பயிற்சியில் பெருவிரலால் என்ன எழுதினேன் என்றே தெரியவில்லை. துண்டை இழுத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை பிசியோவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி இப்படி என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். உங்களுக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். யாராக இருந்தாலும் இன்றைக்கே வரச் சொல்லுங்கள், நாளை என்று வேண்டாம் என்றார். ரத்தம் உள்ளே கட்டியிருக்கலாம், அது காலிலேயே இருக்கிறவரை காலோடு போகும், கிளம்பினால் நெஞ்சுக்குத்தான் போகும் என்று மெதுவாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரி எதிரில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டேன். ஆபீஸில் இருந்த ஆள் யார் வேண்டும் என்றார். அக்காவின் பெயரைச் சொன்னேன். ஷிப்மென்ட் நேரத்தில் டெய்லரைப் போனுக்குக் கூப்பிட மாட்டோம், செத்தது பிழைத்ததாக இருந்தால் சொல்லுங்கள் என்றார். ஒன்றுமில்லைங்க என்று வைத்துவிட்டேன். ஒன்றுமில்லை என்று சொன்னது என் வாய்தான்.

மாலையில் வேனை நிறுத்த ரோட்டோரம் போய் நின்றேன். கையைக் காட்டினேன். நின்றது. அக்கா அதில் இல்லை. ஓவர்டைம் பார்க்கிறார், கடைசி டிரிப்பில் வருவார் என்றார்கள். கடைசி டிரிப் எங்கள் பக்கம் நிற்காமல் போகும். வீட்டுக்குத் திரும்பி, நாளைக் காலையில் வேனில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை மங்கலத்து வேனின் பின் ஜன்னலில் அக்கா தெரிந்தார். நான் ரோட்டுக்குப் போய்ச் சேருமுன் வேன் கடந்துவிட்டது. கட்டைக்கோலை ஊன்றி எவ்வளவு வேகமாகப் போக முடியும்? ஓட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் ஓடவில்லை. என் காலை நான் காப்பாற்றினேன்.

அன்று நான்கு மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது. அக்கா பர்மிஷன் போட்டு வந்திருந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை. முகம் சுண்ணாம்பு. உதடுகள் கறுத்திருந்தன. பத்தடி நடந்தவர்போல் அல்ல, மலை ஏறியவர்போல் மூச்சு வாங்கினார்.

"மூச்சு இழுத்தா நெஞ்சுல குத்துது அம்மிணி. கேஸாட்டம் இருக்குது. சோடா இருந்தாக் குடு."

நான் கட்டைக்கோலைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்தேன். அவரை அப்படியே தரையில் உட்கார வைத்தேன். காலைத் தொடாதே, யாரும் தேய்க்காதே என்று கூடிய பெண்களைப் பார்த்துக் கத்தினேன். எதிர்க் குடோனிலிருந்து பாய் எட்டிப் பார்த்தார். டெம்போவில் ஏற்றியிருந்த வேஸ்ட் மூட்டைகளை ரோட்டிலேயே தள்ளச் சொன்னார். அக்காவை அவரும் இரண்டு ஆட்களும் தூக்கி, மிச்சமிருந்த துணிக் குவியல்மேல் சாய்த்து உட்கார வைத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழி முழுக்க அக்கா என் கையைப் பிடித்திருந்தார். மூச்சை எண்ணுவதுபோல் ஒவ்வொன்றாக இழுத்தார். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எனக்கு ஒன்றுமே கேட்காது. அந்த இடைவெளிகளில்தான் நான் ஜெபம் செய்தேன். என்ன கேட்டேன் என்றால், அவர் பிழைக்க வேண்டும் என்று மட்டும் அல்ல. எனக்கு முன்பே தெரியும் என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்றும் கேட்டேன்.

எலும்பு ஆஸ்பத்திரி டாக்டர் காலைப் பார்த்ததும் தொடவே இல்லை. ஊசி ஒன்று போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். காலில் இருந்த ரத்தக் கட்டி உடைந்து ஒரு துண்டு நுரையீரலில் அடைத்திருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். பெரிய துண்டு இன்னும் காலிலேயே இருக்கிறது, அதுவும் கிளம்பினால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்களாம். மங்கலத்தில் விசைத்தறி ஓட்டும் அக்காவின் கணவர் இதை என்னிடம் சொல்லும்போது தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய அந்த மனிதரின் குரல் கேட்கவே இல்லை.

பிறகு ஐந்து நாள் எந்தச் செய்தியும் இல்லை. ஆறாம் நாள் ஆபத்து இல்லை என்று வந்தது. மூன்று வாரம் அங்கே இருந்தார். அதன்பிறகு பல மாதம் மாத்திரை, ரத்தச் சோதனை. அந்தக் கால் பழையபடி ஆகவேயில்லை. சாயங்காலமானால் யானைக்கால்போல வீங்கும். மெஷினில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

என் கால் சரியாயிற்று. அளவு மீறாமல், விதியை மீறாமல் அத்தனை பயிற்சியும் செய்தேன். தராசில் பத்து இருபதானது, இருபது நாற்பதானது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கினேன், பிறகு ஒற்றைக் காலில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலிட முடிந்தது. நான்காம் மாதம் வேலைக்குப் போனேன். பக்கத்து மெஷினில் தாராபுரத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அக்காவைப் பார்க்க மங்கலம் போக எனக்கு ஏழு மாதம் பிடித்தது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் நான்கு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி, தறிக்கான நூல் சுற்றிய தார்க்குச்சிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். காலில் இறுக்கமாக எலாஸ்டிக் துணி சுற்றியிருந்தது. காபி கொடுக்கச் சொன்னார். என்னை நடக்கச் சொன்னார். நடந்து காட்டினேன். "நல்லா வந்திருச்சு" என்றார். அதில் எந்த முள்ளும் இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. தறிச் சத்தம் இருந்ததால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்பே பிசியோ எனக்குச் சொல்லியிருந்தார், நான் உங்களிடம் மறைத்துவிட்டேன் என்றேன்.

அவர் குச்சிகளைப் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் அம்மிணி. நெருப்பத் தொட்டவளாட்டம் கையை எடுத்தீல்ல, அப்பவே தெரிஞ்சுது, இதுல என்னமோ இருக்குதுன்னு. கேட்டா நீ சொல்லிப் போடுவியேன்னு பயம். சொல்லிட்டா வேலைக்குப் போக முடியாது பாரு. அதான் தெரியாதவகிட்டப் போயி தேச்சுக்கிட்டேன்."

நான் காபியைக் கீழே வைத்தேன். ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஷெட்டுப் பக்கம் திரும்பி, மூன்றாவது தறியில் நூல் அறுந்துவிட்டது, சத்தம் மாறுகிறது பாருங்கள் என்று கணவரைக் கூப்பிட்டார். எனக்கு எந்தச் சத்தமும் மாறியதாகத் தெரியவில்லை. கணவர் போய்ப் பார்த்தார், நூல் அறுந்துதான் இருந்தது.

அதன்பிறகும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போவேன். போகும்போதெல்லாம் அக்கா பேசிக்கொண்டே புடவையை ஒதுக்கி அந்தக் காலைத் தானே அமுக்கிப் பார்ப்பார். விரல் பதிந்த குழி நெடுநேரம் மேலே வராது. அது நிரம்பும்வரை நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.